அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்?

கொடைக்கானலில் இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கிய ஒரு ஹோட்டல், ஏழு தளமாக எழுந்து நின்றது. மலைப்பகுதிக் கட்டட விதிகளில் அதற்கு இடமே இல்லை. 1994 மே மாதம் தமிழக அரசு ஓர் அரசாணை போட்டு விதிவிலக்கு கொடுத்தது. பழனி மலைகளுக்காகப் போராடிவந்த பாதுகாப்பு அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1995 ஜனவரியில் அரசாணை ரத்தானது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு என்றால் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த வழக்கில் எதிர்மனுதாரராக நின்றது தமிழக அரசு. 1996இல் ஆட்சி மாறியதும், அதே அரசாணையைக் குற்றம் என்று சொல்லி வழக்கு நடத்தியதும் தமிழக அரசுதான். 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம், அரசாணை வந்தபோது முதல்வராக இருந்த ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்போது அவர் கட்சியே மீண்டும் ஆட்சியில் இருந்தது.

தீர்ப்புகளைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. அரசு வக்கீல்களைப் பற்றித்தான் கேள்வி. நம் மாநிலத்தில் ஆட்சி மாறினால் அட்வகேட் ஜெனரல் முதல் கீழ்வரை ஆட்கள் மாறுகிறார்கள். அரசமைப்பின் 165ஆவது பிரிவோ அட்வகேட் ஜெனரலை மாநில அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்பவர் என்கிறது, கட்சிக்கு அல்ல. இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்த மரபில், பப்ளிக் பிராசிக்யூட்டரின் வேலை எப்படியாவது தண்டனை வாங்கித் தருவதும் அல்ல, ஆளுங்கட்சி விரும்பினால் அடங்கிப்போவதும் அல்ல. உண்மை முழுவதையும் நீதிபதி முன் வைப்பதுதான். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில், சாட்சிகள் பல்டி அடித்தும் அரசுத் தரப்பு வாளாவிருந்ததைப் பார்த்துத்தான், 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது.

இந்த நிலைமையின் அன்றாட முகத்தைக் கோர்ட் ஹாலில் பார்க்கலாம். விதிமீறல் கட்டடம் பற்றிய மனு வரும். நீதிபதி கேட்பார். ‘இன்ஸ்ட்ரக்‌ஷன் வரவில்லை, இரண்டு வாரம் டைம் வேண்டும்’ என்பார் அரசு வக்கீல். கலெக்டர் ஆபீஸிலிருந்து கோப்பு வராமல் அவர் என்ன செய்வார்? அந்த வாய்தாவுக்குள் மலையில் இன்னொரு தளத்துக்குக் கான்கிரீட் போட்டுவிடுவார்கள். சரிவில் வெட்டிய மண் தீர்ப்பு வந்ததும் திரும்பி ஏறாது.

அரசு வக்கீல்களை வெளிப்படையாக, தகுதி பார்த்து நியமிக்க வேண்டும் என்று 2016இல் பஞ்சாப், ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; மற்ற மாநிலங்களும் யோசிக்கட்டும் என்றது. அது முதல் படி. அடுத்ததாக ஒன்று வேண்டும்: மலையில் விதிவிலக்கு தரும் எந்த அரசாணைக்கும் முன்னால் அரசு வக்கீலின் கருத்தை எழுத்தில் வாங்க வேண்டும்; அதை அரசாணையோடு சேர்த்து வெளியிட வேண்டும். ‘இது நிற்காது’ என்று ஒரு வக்கீல் 1994லேயே எழுதி, அதை ஊர் படித்திருந்தால், அந்த அரசாணையில் கையெழுத்து அத்தனை எளிதாக விழுந்திருக்காது.