மைக்ரோவேவுக்கு ஏது தீட்டு?

"அசைவ உணவை இதில் சூடாக்க வேண்டாம்." அலுவலகப் பேன்ட்ரியிலும் தங்கும் விடுதியின் சமையலறையிலும் மைக்ரோவேவ் கதவில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஏன் என்று கேட்டால், "வாசனைதாங்க, வேறொன்றுமில்லை" என்பார்கள்.

வாசனைதான் சிக்கல் என்றால் பூண்டுக்கும் பெருங்காயத்துக்கும் ஏன் தாள் ஒட்டவில்லை? 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அசைவம் உண்பவர்கள். இவ்வளவு பேரின் சாப்பாட்டை ஒரு சிலரின் மூக்கு கட்டுப்படுத்துகிறது என்றால், அந்த மூக்குக்குப் பின்னால் அதிகாரம் இருக்கிறது.

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நுண்ணலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை வேகமாக அசைக்கின்றன; அதனால் சூடு பிறக்கிறது. பொத்தானை அணைத்ததும் அலை நின்றுவிடும். மிஞ்சுவது சுவரில் தெறித்த குழம்பும் கொஞ்சம் ஆவியும்தான். கிண்ணத்தை மூடி வைத்தால் தெறிக்காது. தெறித்தாலும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். துடைத்த பிறகும் மனதில் ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பெயர் வாசனை இல்லை, தீட்டு.

இதில் உடல்நலமும் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கட்டிய கோழிக்குழம்பை மதியம் ஒரு மணிக்குத் திறக்கிறோம். நம் ஊர் வெக்கையில் அந்த ஆறு மணி நேரம் கிருமிகள் பெருகப் போதும். குளிர்பெட்டியில் வைத்து, உண்ணும்முன் கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது என்பதால் இடையில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். இந்த வசதியை மறுப்பது, ஆறிப்போன கறியைத் தின்னச் சொல்வதாகும்.

2023இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகப் போல்டர் வளாகத்தில், ஓர் இந்திய மாணவர் பொது மைக்ரோவேவில் பாலக் பனீர் சூடாக்கியபோது, நெடி அடிக்கிறது என்று ஊழியர் ஒருவர் தடுத்தார். விவகாரம் வழக்கானது. 2025இல் பல்கலைக்கழகம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 2 லட்சம் டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. இங்கே பலர் அதை இனவெறி என்று சரியாகவே கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு உள்ளூர்க் கோழிக்குழம்புக்கு ஏன் வருவதில்லை? 2018இல் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனி கைகழுவும் இடம் என்று தாள் ஒட்டப்பட்டது. 2023இல் மும்பை ஐஐடியில் சைவ மேசைகளை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பனீருக்கு ஒரு நீதி, கோழிக்கு ஒரு நீதியா?

இன்னும் ஒருவரை நாம் மறந்துவிடுகிறோம். அந்த மைக்ரோவேவைத் தினமும் துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவின் டிபன் பாக்ஸ் அதற்குள் போகிறதா? பல இடங்களில் அவர் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஆறிய சோற்றைத்தான் சாப்பிடுகிறார். அவருக்கென்று தாள்கூடத் தேவைப்படவில்லை. நம் கோழிக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு அவரை அங்கேயே விட்டுவந்தால் அது பாதி வெற்றிகூட ஆகாது.

அதேபோல, "சிக்கன் பரவாயில்லை, மற்றது வேண்டாம்" என்ற சமரசம் நம்மைத் தேடி வரும். கறிகளிலும் மேல் கீழ் வைத்திருக்கும் சமூகம் இது. மாட்டுக்கறியையும் கருவாட்டையும் வெளியே நிறுத்திவிட்டுக் கோழியை மட்டும் உள்ளே சேர்ப்பது, தீட்டின் எல்லையை ஓரடி தள்ளி வைப்பதுதான்.

சைவம் உண்பவரின் விருப்பத்தை நாம் மதிக்கிறோம். அவர் தட்டில் யாரும் கறி வைக்கப்போவதில்லை. பொதுக் கருவிக்கு விதி வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும்: மூடிச் சூடாக்கு, முடித்ததும் துடை. சாம்பாருக்கும் அதுவே, கோழிக்கும் அதுவே, மாட்டுக்கறிக்கும் அதுவே.

1927இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தை ஆடுமாடுகள் ஏற்கெனவே பயன்படுத்திவந்தன. தடை மனிதருக்கு மட்டும்தான் இருந்தது. பொது என்றால் எல்லோருக்கும் பொது என்று அன்று நிலைநாட்டினார்கள். தோழர்களே, உங்கள் விடுதியில் அந்தத் தாள் இருந்தால் தனியாகச் சண்டை போடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து, எந்த விதியின்படி ஒட்டினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் சொல்ல அவர்கள் தயங்குவார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.