கராஜுக்குத் தரை போடுகிறீர்களா?



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில். ஊருக்கு வந்ததும் வான் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டுவது அவருடைய எண்ணம். அதற்காக வீட்டோடு ஒட்டினாற்போல் 18 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட கராஜ் ஒன்று எழும்பியிருக்கிறது. சுவரும் கூரையும் முடிந்து, தரை மட்டும் பாக்கி. “முன் விறாந்தைக்குப் போட்ட சீமெந்து ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. கூட்டக் கூட்டத் தூள் வருகிறது. சின்ன மகனுக்கு வேறு முட்டு வருத்தம். கராஜும் இப்படியாகிவிட்டால், வெயிலில் நின்று உழைத்து அனுப்பும் மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மேசனிடம் கேட்டால், ‘இதெல்லாம் பொம்பளைகளுக்கு விளங்காது தங்கச்சி’ என்கிறார்” என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

விளங்காத விசயம் இதில் ஒன்றுமில்லை சகோதரி. அரிசிக்குத் தண்ணீர் அளந்து வைக்கும் உங்களுக்கு இது நன்றாகவே விளங்கும். ஏனென்றால் உங்கள் விறாந்தை தூளாகப் போனது பெரும்பாலும் தண்ணீரால்தான். கலக்கும்போது தண்ணீர் கூடிவிட்டது; போட்ட பிறகு தண்ணீர் கிடைக்காமல் போய்விட்டது. கலவைக்குத் தண்ணீர் எங்கிருந்து போகிறது? உங்கள் வீட்டுக் குழாயிலிருந்துதானே. அப்படியானால் வேலையின் பாதிக் கடிவாளம் உங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் வீட்டு முற்றத்தில் கொங்கிரீட் போட்ட நாளில், ஹோஸ் பைப்பைத் திறந்து வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போனவள் நான்தான். ளுஹரும் தொழுது சமையலையும் முடித்து வெளியே வந்தபோது கலவை நோன்புக் கஞ்சி போல ஓடிக்கொண்டிருந்தது. மேசனுக்கும் கையாட்களுக்கும் மகிழ்ச்சி. மண்வெட்டியால் இழுத்தால் தானாகப் பரவுகிறதல்லவா! எனக்கும் அன்று அது நல்ல வேலையாகத்தான் தெரிந்தது. அடுத்த வருடம் அதைப் பெயர்த்தெடுத்தோம்.

சீமெந்து காய்ந்து இறுகுகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது தண்ணீரோடு இரசாயன முறையில் சேர்ந்தே இறுகுகிறது. இப்படிச் சேர்வதற்கு அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் போதும். கலவையைக் கிளறிப் பரப்புவதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். அதற்கும் மேலே ஊற்றும் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது, அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளாக நின்றுவிடும். தண்ணீர் ஏற ஏற உறுதி இறங்கும் என்பதை சிக்காகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்ற பொறியியலாளர் 1918இல் கணக்கோடு எழுதிவைத்தார். நூறு வருடங்களுக்கு மேலாகியும் நம் மேசன்மாரில் பலர் ஹோஸ் பைப்பைக் கீழே வைத்தபாடில்லை.

கணக்கைச் சொல்கிறேன், ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தரை 180 சதுர அடி. 4 அங்குலக் கனத்துக்குப் போட்டால் 60 கன அடி கொங்கிரீட் வரும். சாதாரணமாக 1:2:4 என்று கலப்பார்கள். அதற்கு 50 கிலோ சீமெந்து மூடை 11 அளவில் போகும். வான் ஏறி இறங்கும் தரை என்பதால் 1:1½:3 என்று கலக்கச் சொல்லுங்கள். மூடை 14 ஆகும். மணல் கால் கியூப், முக்கால் அங்குலச் சல்லி அரைக் கியூப். சிந்திச் சிதறுவதற்குக் கொஞ்சம் கூட்டி எடுக்க வேண்டும். மூன்று மூடை மிச்சம் பிடிக்கப் போய் முழுத் தரையையும் இழக்க வேண்டாம்.

“ஒரு மூடைக்கு எத்தனை தாச்சி மணல்?” என்று கேட்டால் ஒவ்வொரு மேசனும் ஒவ்வொரு கணக்குச் சொல்வார். தாச்சியைக் குவித்து அள்ளினால் ஒரு அளவு, வழித்து அள்ளினால் இன்னொரு அளவு. அதற்குப் பதிலாக ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், 15 அங்குல உயரத்தில் பலகைப் பெட்டி ஒன்று அடித்துக் கொடுங்கள். அதில் ஒரு பெட்டி, ஒரு மூடைச் சீமெந்தின் அளவுக்குச் சரி. ஆக, ஒரு மூடைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, சல்லி மூன்று பெட்டி. பிள்ளைகூட எண்ணிக்கொள்ளலாம்.

தண்ணீர் மூடைக்கு 25 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியில் இரண்டரை. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைய வேண்டும், இரண்டு வாளி போதுமாக இருக்கும். அன்றைக்கு ஹோஸ் பைப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, வாளியால் எடுக்கச் சொல்லுங்கள். கலவையை மண்வெட்டியால் குவித்தால், சூட்டோடு தட்டில் இறக்கிய தொதல் போல மெல்ல அமர வேண்டும். குவியாமல் ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

வேலையாட்களுக்கு நடுவே போய் நிற்க வேண்டுமே என்று தயங்காதீர்கள். வாப்பாவோ தம்பியோ, வளர்ந்த மகனோ வாளிக் கணக்குக்கு நிற்கட்டும். கடதாசியை முதல் நாளே மேசனிடம் கொடுத்து, “பாஸ், இந்தக் கணக்குக்குத்தான் வேலை” என்று பேசி முடித்துவிடுங்கள். வேலைக்கு நடுவில் வாக்குவாதம் செய்வதைவிட இது இரு தரப்புக்கும் கௌரவம். பேசிய கூலியை அன்றைக்கே கையில் கொடுக்கவும் ஆயத்தமாக இருங்கள்.

கீழ் மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரையோர ஊர்களில் மண் குருமணலாக இருக்கும். தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கி, அதன் மேல் 4 அங்குலம் கிரவல் போட்டு மீண்டும் இடிக்க வேண்டும். பிறகு தடித்த பொலித்தீன் விரிப்பு. உட்சுவர் பக்கத்திலிருந்து வாசலை நோக்கி அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் சரிவு வைத்தால் 18 அடிக்கு இரண்டேகால் அங்குலம் இறங்கும். வான் கழுவும் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராது. கடற்கரை மணலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்றவிடாதீர்கள். உப்பு, வலைக் கம்பி போட்டிருந்தால் அதைத் தின்றுவிடும். தண்ணீரும் அப்படித்தான், குடிக்கக்கூடிய தண்ணீரே கலவைக்கும் நல்லது.

இங்கே ஒரு சமையலறை விசயம். பிளேன்டீ மிச்சத்தையோ சீனிப் பாத்திரம் அலசிய தண்ணீரையோ கலவைப் பீப்பாயில் ஊற்றிவிடாதீர்கள். சீனி சீமெந்தை இறுகவிடாது. ஒரு மூடைக்கு ஒரு கைப்பிடிச் சீனி விழுந்தாலே போதும், இறுகுவது வெகுநேரம் பிந்திவிடும்.

நாளும் பார்த்துத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம். ஜும்ஆவுக்குப் போய் வருவதற்குள் பாதித் தரை இறுகிவிடும். பழையதும் புதியதும் ஒட்டாத இடத்தில் பின்னர் வெடிக்கும். நோன்பு காலத்தில் இந்த வேலையைச் செய்வித்து ஆட்களை வருத்தவும் வேண்டாம். மற்ற நாளில் சுபஹுக்குப் பிறகு நேரத்தோடு ஆரம்பித்தால், வெயில் ஏறுமுன் பெரும் பகுதி போட்டுவிடலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதமென்றால் கராஜின் திறந்த பக்கத்தில் படங்கு கட்டிவிடுங்கள். அந்தக் காற்று மேல் ஈரத்தை உறிஞ்சியெடுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மயிர் போன்ற வெடிப்புகளை உண்டாக்கும்.

கலவையைக் கொட்டிப் பலகையால் வழித்து மட்டமாக்கியதும், ஓரங்களில் கம்பியால் நன்றாகக் குத்திவிட வேண்டும். மரப்பலகையால் ஒருமுறை தேய்த்த பின் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய நேரம் வரும். அதுதான் மேசனுக்குப் பொறுக்காத நேரம். மேலே மினுமினு என்று தண்ணீர் ஊறி நிற்கும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் சீமெந்துத் தூளைத் தூவி அந்தத் தண்ணீரை உறிஞ்சவைத்து, இரும்புக் கரண்டியால் தேய்த்து மினுக்கிவிடுவார்கள். பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். அந்த மினுக்கம்தான் பிறகு தூளாகக் கிளம்புவது! உங்கள் விறாந்தையிலும் இதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். தூளைத் தூவவே கூடாது. தண்ணீர் தானாக மறைய வேண்டும். ஒரு ஆள் ஏறி நின்றால் கால் கால் அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. அந்தப் பதத்தில்தான் மீண்டும் பலகை போட்டு, பின்னர் கரண்டி பிடிக்க வேண்டும். சில நாட்களில் ஒரு மணித்தியாலம், சில நாட்களில் மூன்று மணித்தியாலம். அந்த நேரத்துக்கு அவர்களுக்குத் தேத்தண்ணியும் ஏதாவது தின்னவும் கொடுங்கள், அவசரம் குறையும்.

நம் பாட்டிமார் பொச்சு மட்டையால் மெழுகு தேய்த்துப் பளபளக்க வைத்த சிவப்புச் சீமெந்துத் தரை வீட்டுக்குள் அழகுதான். கராஜுக்கு அந்தப் பளபளப்பு ஆகாது. மழையில் நனைந்து வரும் சக்கரமும் சறுக்கும், பிள்ளைகளும் சறுக்குவார்கள். கடைசியாகத் தும்புத்தடியை மெதுவாக ஒரே பக்கமாக இழுத்துவிட்டால் பிடிமானம் இருக்கும்.

வெடிப்பு வராமல் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொங்கிரீட் இறுகும்போது சுருங்கும், எங்காவது வெடிக்கவே செய்யும். எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். 18 அடியின் நடுவில், குறுக்கே ஒரு அங்குல ஆழத்துக்கு நேர்கோடாக வெட்டிவிட்டால் வெடிப்பு அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். சுவரோரத்தில் ரெஜிபோம் கீற்று வைத்து, தரை சுவரோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி வலை போடுவதாக இருந்தால் அதைத் தரையின் கனத்துக்கு நடுவிலோ சற்று மேலேயோ நிற்கும்படி சிறு கட்டைகளில் தூக்கிவைக்க வேண்டும். பொலித்தீனில் படுத்துக் கிடக்கும் வலைக்குக் கொடுத்த காசு மண்ணில் போட்ட காசு.

மேசன் கூலியை வாங்கிக்கொண்டு போனதும் உங்கள் வேலை ஆரம்பமாகிறது. அடுத்த நாள் காலை, விரல் நகம் பதியாத அளவுக்கு இறுகியதும், சணல் சாக்குகளை நனைத்துத் தரை முழுவதும் விரித்துவிடுங்கள். ஏழு நாட்கள் அந்தச் சாக்கு காயவே கூடாது. காலையில் ஒருமுறை, ளுஹருக்கு, அஸருக்கு, படுக்கப் போகுமுன் என்று தொட்டுப் பார்த்துத் தெளியுங்கள். ஹோஸ் பைப்பால் மூன்று வேளை அடித்துவிட்டு வெறுந்தரையாக விடுவதைவிட இதில் தண்ணீரும் மிச்சம், பலனும் அதிகம். நனைந்து காய்ந்து நனைந்து காய்வது கொங்கிரீட்டுக்குக் கெடுதி. மூடையில் எஸ்.எல்.எஸ். 107 என்றிருந்தால் சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து, எஸ்.எல்.எஸ். 1247 என்றிருந்தால் கலப்புச் சீமெந்து. இரண்டும் நல்லதுதான். கலப்புச் சீமெந்து சற்று மெதுவாக உறுதி பிடிப்பதால் பத்து நாட்கள் நனையுங்கள்.

போடுகின்ற நாளில் சின்ன மகனை மாமி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சீமெந்துத் தூள் முட்டு உள்ள பிள்ளைக்கு ஆகாது. ஈரச் சீமெந்தும் லேசுப்பட்டதல்ல, சுண்ணாம்பு போலத் தோலை அரிக்கும். ஆரம்பத்தில் வலிக்காது, புண்ணான பிறகே தெரியும். காலில் கையில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோழிகளையும் அன்றைக்குக் கூட்டுக்குள் அடைத்துவிடுங்கள். எங்கள் முற்றத்தில் ஒரு பேட்டுக் கோழியின் நடை அப்படியே பதிந்திருந்தது.

விறாந்தைக்கும் வழி கேட்டிருந்தீர்கள். தூள் மேலோட்டமாக மட்டும் வருகிறதென்றால், நன்றாகக் கூட்டிக் கழுவிக் காயவிட்டு, ஹாட்வெயார் கடையில் சோடியம் சிலிக்கேட் கலந்த தரை இறுக்கித் திரவம் வாங்கிப் பூசிப் பாருங்கள். ஆணியால் கீறினால் ஆழமாகப் பெயர்கிறதென்றால் அந்தச் செலவு வீண்; மேற்பகுதியைக் கொத்தியெடுத்துத்தான் போட வேண்டும்.

கராஜ் தரையில் மூன்றாம் நாள் தாராளமாக நடக்கலாம், சாக்கை மட்டும் விலக்க வேண்டாம். வானைப் பத்து நாட்களுக்குப் பிறகு ஏற்றுங்கள். சாமான் நிறைத்த லொறி எதையும் 28 நாட்கள் கழியாமல் உள்ளே விடாதீர்கள். அவர் வரும் திகதியைக் கடிதத்தில் எழுதவில்லை நீங்கள். ஒரு மாதம் முந்தியே வேலையை முடித்துவிட்டால் நல்லது.

அடுத்த மாதம் இன்ஷா அல்லாஹ், கூரைத் தகட்டின் ஒழுக்கைப் பற்றிக் கேட்டிருக்கும் புத்தளம் சகோதரிக்குப் பதில்.