கேட்டால் போதுமா?



"இந்த வயதில் பாட்டிக்கு எழுத்து எதற்கு? கைப்பேசியில் ஒலி வேதாகமத்தைப் போட்டுக் கொடுத்தால் போதாதா?" என்ற பேச்சு நம் நடுவே பெருகி வருகிறது. இதை நீங்கள் கரிசனை என்கிறீர்கள். நான் அநீதி என்கிறேன்.

விசுவாசம் பிறப்பதற்குக் கேள்வி அவசியம் என்று பவுல் ரோமருக்கு எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்க மட்டும் அறிந்தவர், பிறர் தெரிந்தெடுத்து வாசித்ததையே அறிவார். தாம் கைநாட்டு வைக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்த ஒலிப்பதிவு அவருக்குச் சொல்லுமா? வங்கிப் புத்தகத்தில் ஏறிய தொகையைக் காட்டுமா?

வயதானவர்களுக்கு எழுத்து ஏறாது என்பது அடுத்த சாக்கு. நம் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கடை வைத்திருக்கும் தாய்மார், பௌர்ணமிக் கூட்டத்தின் நடுவிலும் சில்லறைக் கணக்கில் பிசகுவதில்லை. அந்த மனதுக்கு எழுத்து மட்டும் எட்டாது என்று தீர்ப்பளிக்க நாம் யார்?

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராயிருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள் இரவில் விளக்கொளியில் எழுத்துக் கூட்டினார்கள். பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டியும் ஓட்டப் பழகினார்கள். அவர்களுக்குக் கற்பித்தது எந்தக் கருவி? வேலை முடிந்து அவர்கள் வரும்வரை காத்திருந்து, அருகே அமர்ந்து சொல்லிக்கொடுத்த தொண்டர்களே.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்குவை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் இறையியல் பயின்றவர் அவர். தமிழ் கற்பதற்காகத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்தெழுதினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்ததற்கு அந்த மணலே தொடக்கம். பெரியவர் ஒருவர் கற்கத் தொடங்குவது வெட்கமன்று; அவரைக் கற்கவிடாமல் வைத்திருப்பதே வெட்கம்.

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரியின் கையில் ஏசாயாவின் சுருள் இருந்தது, வாசிக்கவும் தெரிந்திருந்தது. ஆயினும் பிலிப்பு இரதத்தில் ஏறி அவரருகே உட்கார வேண்டியிருந்தது. கையில் சுருள் இருந்தவருக்கே துணை தேவைப்பட்டதென்றால், கைப்பேசியைக் கொடுத்துவிட்டு விலகிப்போவது எப்படி ஊழியமாகும்?

கைப்பேசியை எறியும்படி நான் சொல்லவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டவும், உச்சரிப்பைத் திரும்பக் கேட்கவும் அது நல்ல வேலைக்காரன். ஆனால் பேனா பிடிக்கும் விரல் நடுங்குவதையும், தவறிவிடுமோ என்று முகம் கவிழ்வதையும் கண்டு "பரவாயில்லை அம்மா, மறுபடி எழுதுங்கள்" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

வாலிபரே, ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரைமணி நேரம் தாருங்கள். ஆளுக்கொரு பெரியவரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய பெயரிலிருந்தே தொடங்குங்கள். கைநாட்டு இருந்த இடத்தில் கையெழுத்து வரட்டும். பிறகு அவர் விரும்பிய சங்கீதத்தை அவரே திறந்து வாசிக்கட்டும்.

உட்கார்ந்து கற்பிக்கும் பொறுமையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.