தமிழை நிறுத்தினால் பிள்ளை பேசிவிடுமா?

இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால் நம் வீடுகளில் இரண்டு ஆலோசனைகள் உடனே கிடைக்கும். ஒன்று, "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு, விடுங்க." மற்றொன்று, "வீட்டுல தமிழு, டிவியில இங்கிலீசு, பக்கத்து வீட்டுல மலாய், பிள்ளை குழம்பிப் போச்சு. இனிமே ஒரே மொழியில பேசுங்க." அந்த ஒரே மொழி எது என்று யாரும் கேட்பதில்லை. அது தமிழாக இருப்பதும் இல்லை. மெர்கோங் ஆனாலும் கூலிம் ஆனாலும், நிறுத்தச் சொல்லப்படும் மொழி தமிழ்தான்.

முதல் ஆலோசனையில் பாதி உண்மை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். இரண்டாவதில் அந்தப் பாதிகூட இல்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் உறவினர் மட்டுமல்லர். பாலர் பள்ளிகளில் சொல்கிறார்கள், படித்தவர்களும் சொல்கிறார்கள். அதனால் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? 1923இல் டி.ஜே. சேர் என்பவர் வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகளைச் சோதித்து, வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசும் கிராமப்புறப் பிள்ளைகள் அறிவுத் தேர்வில் பின்தங்கியிருப்பதாக எழுதினார். அந்தப் பிள்ளைகளின் குடும்ப நிலை, பள்ளி வசதி போன்றவை சரியாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை. 1962இல் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் மொன்றியலில் பத்து வயதுப் பிள்ளைகளை ஆய்வு செய்தபோது, ஒத்த குடும்ப நிலையில் உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகளே முன்னே நின்றார்கள். ஆக, இந்தப் பழைய கருத்து ஆட்டம் கண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் தாமான்களில் மட்டும் அது இன்னும் நடமாடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். அவை நன்றாகப் பேசும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள்தானே, பேச்சில் ஏற்கெனவே சிரமப்படும் பிள்ளைக்கு இன்னொரு மொழி சுமையாகாதா? நியாயமான கேள்விதான். 2003இல் கனடாவில் ஜோஹன் பாரடிஸ் குழுவினர் மொழிக் குறைபாடுள்ள ஏழு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் பேசும் பிள்ளைகள், ஒரே மொழி பேசும் அதே குறைபாடுள்ள பிள்ளைகளைவிட இலக்கணத்தில் மோசமாக இல்லை. 2005இல் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் குழுவினர் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடமும் ஏறக்குறைய இதையே கண்டார்கள். இரண்டிலும் பங்கேற்ற இருமொழிப் பிள்ளைகளின் எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் உட்பட, பிறகு வந்த ஆய்வுகளும் அதே திசையில்தான் செல்கின்றன. குறைபாடு இருந்தால் அது பிள்ளையின் எல்லா மொழிகளிலும் தெரியும். ஒரு மொழியை எடுத்துவிட்டால் குறைபாடு போய்விடாது. அந்த மொழி மட்டும் போய்விடும்.

போவது என்ன என்பதற்கு மெர்கோங்கில் எங்கள் தாமானிலேயே ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுப் பாட்டி இளம் வயதில் சுங்கைப் பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வாய் ஓயாதவர். பேரனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றதும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று முடிவாயிற்று. பாட்டிக்குத் தெரிந்த ஆங்கிலம் 'கம்', 'ஈட்', 'நோ', 'குட் பாய்'. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை அந்தப் பிள்ளையோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். குளிப்பாட்டும்போது ஒரு கதை, சோறு ஊட்டும்போது காக்கா, நிலா, எதிர்வீட்டுப் பூனை என்று கொட்டிக்கொண்டிருந்த வாய் நான்கு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. மிச்ச நேரத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. பிள்ளைக்கு ஆங்கிலம் கூடவில்லை, மொத்தப் பேச்சுதான் குறைந்தது.

என் வாதம் முழுவதும் இந்த வீட்டில் இருக்கிறது. தமிழை நிறுத்தும் வீட்டில் அதன் இடத்தில் வளமான ஆங்கிலமோ மலாயோ வந்து உட்காருவதில்லை. பெரும்பாலும் மௌனம்தான் வருகிறது. பிள்ளை பேசக் கற்பது பதில் சொல்லும் ஆளிடம். அது 'ம்' என்றால் 'என்னடா கண்ணு?' என்று திரும்பக் கேட்கும் முகம் வேண்டும். யூடியூப் பாட்டு அப்படிக் கேட்காது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

அடுத்தது, பிள்ளையின் சொற்களை எப்படி எண்ணுகிறோம் என்பது. இரண்டு வயதில் 50 சொல்லுக்குக் குறைவு, அல்லது இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத நிலை என்றால் கவனிக்க வேண்டும் என்பது லெஸ்லி ரெஸ்கோர்லா 1989இல் தந்த அளவுகோல். பரவலாகப் பயன்படுவது. ஆனால் நம் பிள்ளை மூன்று மொழிகளுக்கு நடுவில் வளர்கிறது. தமிழில் 22, மலாயில் 14, ஆங்கிலத்தில் 17 சொற்கள் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் 17 சொல் பிள்ளை, மூன்றையும் கூட்டினால் 53. 1993இல் மியாமியில் பார்பரா பியர்சன் குழுவினர் ஸ்பானிஷ், ஆங்கிலம் கேட்டு வளரும் 8 முதல் 30 மாதப் பிள்ளைகளிடம் இதைத்தான் காட்டினார்கள். இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால் அவர்கள் மற்றவர்களுக்குப் பின்தங்கியிருக்கவில்லை.

'இரண்டு சொல்' கணக்கிலும் தமிழுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. 'குடிச்சிட்டேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால் அது ஒரே சொல். ஆனால் குடித்தது யார், எப்போது, முடிந்துவிட்டதா என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல மூன்று சொல்லாவது வேண்டும். ஆங்கிலக் கேள்விப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு தமிழ்ப் பிள்ளையை அளந்தால், தெரிந்ததும் தெரியாததாகிவிடும்.

சரி, தமிழை விடாமல் பேசிக்கொண்டு காத்திருந்தால் போதுமா? போதாது. அப்பா தாமதமாகப் பேசியவர் என்ற முதல் ஆலோசனையின் பாதி உண்மை இதுதான்: தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடிக்கிறார்கள். ஆனால் எட்டிப் பிடிக்கப்போவது யார், பிடிக்காதது யார் என்று இரண்டு வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் சரே வட்டாரத்தில் கோர்ட்னி நார்பரி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளியில் சேரும் வயதில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், வேறு வெளிப்படையான காரணம் எதுவுமின்றி மொழிக் குறைபாடு இருந்தது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். 'மக்கு', 'பேச மாட்டான்' என்று பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்ட சிலரை நமக்கும் நினைவிருக்கும்.

எனவே முதலில் காது. சளி, காதில் நீர் கோத்தல் போன்றவற்றால்கூடக் கேட்கும் திறன் குறையும். கேட்காத சொல் வாயில் வராது. நாக்கில் வசம்பு தேய்க்கும் முன் காதைச் சோதிக்கலாம். சுகாதாரக் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்துக்கான எம்-சேட் கேள்விகள் கேட்கப்படுகின்றன. தடுப்பூசி போட்டதும் கிளம்பிவிடாமல், பேச்சைப் பற்றியும் வாய் திறந்து கேட்க வேண்டும். மருத்துவர் கடிதம் கொடுத்தால் அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையில் பேச்சுச் சிகிச்சையாளரைப் பார்க்கலாம். பாலிங், சிக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும். பலர் இரண்டாவது தடவை வராமல் போவதற்கு அக்கறையின்மை காரணமல்ல.

தோட்டக் காலத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாய்மார் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஓர் ஆயா, ஓயாத பேச்சு. பேச்சுக்குப் பஞ்சமில்லாத இடம். ஆனால் அங்கும் பேசாத பிள்ளை இருந்தது. அதற்கு 'ஊமை' என்று ஒரு பெயர் கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஏங்கவில்லை.

இன்று சிகிச்சை இருக்கிறது, சிகிச்சையாளர்தான் போதவில்லை. இந்நாட்டில் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கிளந்தான் வளாகத்திலும் இப்போது இருக்கிறது. அப்படியிருந்தும் தமிழிலேயே ஒரு பிள்ளையைச் சோதித்து, தமிழிலேயே பாட்டியிடம் பயிற்சி சொல்லிக் கொடுக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். நம் அறிவியல் மாணவர்களில் பாதிப்பேர் மருத்துவம், மீதிப்பேர் பொறியியல் என்று விண்ணப்பிக்கிறோம். மருத்துவம் கிடைக்காவிட்டால் ஓராண்டு அழுகிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, இடைநிலைப் பள்ளியில் மலாய், பாடநூலில் ஆங்கிலம் என்று வளர்ந்த நமக்கு இந்தத் துறையில் வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காத தகுதி இருக்கிறது. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேசன் முடிப்பவர்கள் விண்ணப்பப் பாரத்தில் இதையும் ஒரு வரி எழுதலாம்.

அதற்கு இன்னும் ஆண்டுகள் ஆகும். இப்போதைக்கு, வீட்டில் இரண்டு வயதுத் தம்பியோ அக்கா பிள்ளையோ இருந்தால் ஒரு வாரம் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், எந்த மொழியானாலும், மழலையாகவே எழுதுங்கள். 'சுசு', 'பூவ', 'தாத்தா போ', எல்லாமே. கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதையும் குறியுங்கள். கிளினிக்கில் தாதி "எத்தனை சொல் பேசுகிறது?" என்று கேட்கும்போது அம்மா திகைத்து நிற்பார். அந்தத் தாளை நீட்டுங்கள்.