கோவலன் கள்வனாகவே இருந்திருந்தால்?

நம் சங்க மேடைகளுக்குச் சிலப்பதிகாரம் புதிதன்று. தோட்டமாயினும் பட்டணமாயினும், கண்ணகி அரசவையில் சிலம்பை உடைக்கும் கட்டம் வந்தவுடன் அவையில் கண்ணீர் பெருகும். தாய்மார் முந்தானையால் முகம் துடைப்பர், கனவான்கள் தலையசைப்பர். மகிழ்ச்சியே. ஆயினும் அக்கண்ணீரின் காரணத்தை ஒருமுறை விசாரித்துப் பார்ப்போமாக. கோவலன் கள்வனல்லன் என்பது நமக்கு முன்னரே தெரியும், ஆதலின் அழுகிறோம். அவன் கள்வனாகவே இருந்திருந்தால்? அரசியின் சிலம்பே அவன் கையில் அகப்பட்டிருந்தால்? விசாரணையின்றி அவனை வெட்டியது முறையாகிவிடுமோ?

"ஆகும்" என்று மேடையில் சொல்ல எவரும் கூசுவர். ஆனால் நம்மவர் வெளியே வந்ததும் சொல்லுவது அதுவேயாம். போலீஸ் காவலில் ஒரு தமிழ் இளைஞன் மாண்டான் என்று பத்திரிகையில் செய்தி வந்த மறுநாள், பாச்சாங்கில் ஏதேனும் ஒரு காப்பிக்கடையில் போய் அமர்ந்து செவி கொடுங்கள். "அவன்மேல் முன்னமே நாலைந்து கேஸ் உண்டாமே!" "நல்லவனையா பிடிப்பார்கள்?" "உதைத்தால்தான் இவர்கள் திருந்துவார்கள்." தாலிக்கொடியைப் பறிகொடுத்தவர் வயிற்றெரிச்சலில் இப்படிச் சொன்னால் பொறுக்கலாம். சொல்பவர்களோ ஒன்றையும் இழக்காதவர்கள். பள்ளிக்கூடமும் ஆபீசும் ஆலய நிர்வாகமும் கண்டவர்கள். தம் பிள்ளை பட்டம் பெற்றுவிட்டமையால், லயத்திலிருந்து வந்த பிள்ளை வேறொரு ஜாதி என்று எண்ணத் துணிந்தவர்கள். நமது வழக்கு முதலில் இவர்களோடேதான்.

மதுரையில் நடந்ததைச் சற்று நினைவு கூருங்கள். கொலைக்குச் சென்ற காவலர் உடனே வாளோங்கவில்லை. இவன் தோற்றம் கள்வனுடையதாகத் தெரியவில்லையே என்று தயங்கி நின்றனர். அப்பொழுது பொற்கொல்லன் சிரித்து, கள்வர் என்போர் எத்தகையோர், எவ்வெத் துணைகொண்டு களவாடுவர் என்று ஒரு பிரசங்கமே செய்தான். அதைக் கேட்டிருந்த குடிகாரன் ஒருவன் வாளை வீசினான். முகத்தைப் பார்த்துத் தயங்கியவர்களும் முகத்தைப் பார்த்தே தயங்கினரேயன்றி, விசாரணை எங்கே என்று கேட்டார்களில்லை. நம் காப்பிக்கடைப் பேச்சு அப்பொற்கொல்லனின் பேச்சேயாம். அடிக்கும் கை எவருடையதாயினும், "இவன் இத்தகையோன்" என்ற தீர்ப்பை முன்கூட்டி எழுதித் தருவது நாமே.

இனி நிகழ்ந்தவற்றைக் கவனிப்போம். 2009 ஜனவரியில், கார்த் திருட்டுச் சந்தேகத்தின்பேரில் பிடிபட்ட குகன் என்னும் இளைஞர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் மாண்டார். முதற் சவப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது. குடும்பத்தார் உடம்பில் இருந்த காயங்களைக் கண்டு கூக்குரலிட்டு இரண்டாம் சோதனை நடத்தச் செய்தனர். அடியினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தமையே காரணம் என்று அது கூறிற்று. 2013இல் உயர்நீதிமன்றம் அவர் தாயாருக்கு 8,01,700 வெள்ளி நஷ்டஈடு விதித்தது. குற்றவியல் வழக்கோ ஒரேயொரு கான்ஸ்டபிள் மேல்தான். அதுவும் கொலைக்கு அன்று, காயப்படுத்தியதற்கு.

இதனினும் நம் நெஞ்சை அறுப்பது 2017 பிப்ரவரியில் கிள்ளானில் நடந்தது. பாலமுருகன் என்பவரைக் காவல் நீட்டிப்புக்காக மாஜிஸ்திரேட் முன் கொண்டு சென்றனர். அவர் இருந்த நிலையைக் கண்ட மாஜிஸ்திரேட், காவலை நீட்டிக்க மறுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி உத்தரவிட்டார். கொண்டு போனதோ மீண்டும் போலீஸ் நிலையத்துக்கு. அன்றிரவே அவர் பிணமானார். இங்கே சட்டம் ஊமையாயிருக்கவில்லை. பேசிற்று, கேட்பார் இல்லை.

2021இல் பால் வியாபாரம் செய்துவந்த கணபதி. கோம்பாக்கில் காவலில் வைக்கப்பட்டவர், விடுதலையானதும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, ஒரு கால் துண்டிக்கப்பட்டு, ஏப்ரல் 18இல் இறந்தார். ரப்பர் குழாயால் மகனை அடித்தார்கள் என்று தாயார் முறையிட்டார். (இதே பெயர் தாங்கிய தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4இல் புடு சிறையில் வெள்ளையர் சர்க்கார் தூக்கிலிட்டது. அவசரகாலத்து அவசர நீதிதான். எனினும் அவருக்கு ஒரு கோர்ட்டேனும் இருந்தது!) பால்காரர் இறந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 20இல், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பரைக் கழுத்தில் முழங்காலிட்டு அழுத்திக் கொன்ற போலீஸ்காரன் குற்றவாளியென்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

ஃப்ளாய்ட் அப்பழுக்கற்றவரோ? 20 டாலர் கள்ள நோட்டைக் கடையில் மாற்றினார் என்பது புகார். முன்னாளில் சிறை சென்றவர் என்பதும் ஊரறிந்தது. அங்கேயும் அதைச் சொல்லிக் காட்டியவர்கள் உண்டு. ஆனால் வழியில் நின்ற 17 வயதுப் பெண்ணொருத்தி, இவன் நல்லவனா கெட்டவனா என்று கேளாமல், கைப்பேசியில் படமெடுத்தாள். பின்பு கோர்ட்டில் சாட்சியும் சொன்னாள். கறுப்பர் இனத்துக் குறைகள் அனைத்தும் அன்றோடு தீர்ந்தன என்று நாம் சொல்லவில்லை. இறந்தவன் யோக்கியதையை நிறுத்துப் பார்த்த பிறகே நியாயம் கேட்பது என்ற வழக்கத்தை அவ்வூரார் அன்று கைவிட்டனர் என்பதையே சொல்லுகிறோம்.

கிள்ளான், கோம்பாக் எல்லாம் எட்டத்து ஊர்கள் என்று மலாக்காவாசிகள் ஆறுதல் கொள்ள இயலாது. 2025 நவம்பர் 24இல், நம் டுரியான் துங்காலில், செம்பனைத் தோட்டத்தில் மூன்று இந்திய ஆடவரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். கொள்ளையர், பாராங் கத்தியால் தாக்கினர் என்பது போலீசாரின் முதற்கூற்று. குடும்பத்தார் ஓர் ஒலிப்பதிவை முன்வைத்து அதை மறுத்தனர். அடுத்த மாதமே அதைக் கொலை வழக்காக விசாரிக்கும்படி தலைமை வழக்கறிஞர் அலுவலகம் பணித்தது. அம்முதற் செய்தி வந்த அன்றே "ஒழிந்தது சனியன்" என்றவர் நம்மவரிலும் இருந்தனர். பின்பு அவர்கள் தம் சொல்லை விழுங்கினரோ, அறியோம்.

"அப்படியானால் திருடரைக் கொஞ்சச் சொல்லுகிறீரோ?" என்று ஒருவர் சீறக்கூடும். இல்லை. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது, அவற்றில் நம் பிள்ளைகள் இருப்பது கண்டு வெட்கினோம். குற்றம் மெய், பயமும் மெய். ஆனால் அடி எதைத் தருகிறது? போலீசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல், பொதுவாக, இந்நாட்டுக் கோர்ட்டில் சாட்சியமாகாது. ஆகாத ஒப்புதலுக்காக எலும்பை முறித்துவிட்டு, வேண்டிய தடயத்தைத் தேடாமல் விடுவதால், மெய்யான திருடன் தப்புகிறான். தாலிக்கொடியை இழந்த அம்மையாருக்கும் இதில் லாபமில்லை.

சர்க்காரைப் பற்றி ஒரு வார்த்தை. துன் ஜைடின் தலைமையிலான அரச விசாரணைக் குழு, போலீசார் மீதான புகார்களை ஆராயச் சுதந்திர ஆணையம் ஒன்று வேண்டுமென்று 2005இலேயே சொல்லிற்று. 2022இல் சட்டமாகி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததோ, விசாரித்துச் சிபாரிசு செய்யலாம், தண்டிக்க இயலாது என்ற அளவில் நின்ற ஓர் ஆணையம். பதினெட்டு ஆண்டுப் பிரசவத்தில் பிறந்த பிள்ளைக்குப் பல் இல்லை!

இருக்கின்ற சட்டத்தையேனும் நம்மவர் அறிவரோ? கைது செய்யும்போது காரணம் சொல்ல வேண்டும். உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் தர இடமளிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2012 முதல் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தின் வக்கீல்கள் இந்நாட்டுக் குடிகளுக்காகக் காவல் நீட்டிப்பு வேளையில் கட்டணமின்றி வாதாடுகின்றனர். ஆயர் கெரோ கோர்ட்டு வளாகத்தில் சோற்றுப் பொட்டலத்துடன் நிற்கும் தாய்க்கு இவற்றுள் ஒன்றேனும் தெரியுமா? அவளோடு நம் சங்கத்துப் பிரமுகர் ஒருவரேனும் போய் நின்றதுண்டா? திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்ள முந்துகிறவர், அங்கே பின்வாங்குவதேன்?

வரும் சிலப்பதிகார விழாவை நடத்துங்கள், நாமும் வருவோம். ஆனால் அரைமணி நேரம் ஒரு வக்கீலை மேடையேற்றி, மேற்சொன்னவற்றை லயத்துத் தமிழில் விளக்கச் செய்யுங்கள். தொலைபேசி எண்ணை வாசலில் எழுதித் தொங்கவிடுங்கள். தலைவர் முன்னுரை அரைமணி குறையும். அதனால் காப்பியத்துக்கு நஷ்டமொன்றும் வராது.