பொருட்காட்சிசாலை பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்!

சென்னை எழும்பூரில் உள்ள அரசாங்கப் பொருட்காட்சிசாலைக்கு ஒரு காலத்தில் 'செத்த காலேஜ்' என்று பெயர். மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர்க் காலேஜ்'. பட்டணம் பார்க்க வந்த ஜனங்கள் சூட்டிய பெயர்கள் அவை. வேடிக்கைப் பேச்சுதான் என்றாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1851-ல் தோன்றிய அந்தச் சாலையில் கிடைத்தற்கரிய செல்வங்கள் உள்ளன. ஆனால் எல்லாம் கண்ணாடிக்கு அப்பால். எட்ட நின்று பார்க்கலாம், தொடக் கூடாது.

பெரியவர்களுக்கு இது போதும். பத்து வயதுப் பிள்ளைக்குப் போதாது. அந்த வயதில் கையும் ஒரு கண் அல்லவா? எதையும் எடுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, கனத்தைத் தூக்கிப் பார்த்த பிறகே அது என்ன என்று கேட்கத் தோன்றும்.

வருஷத்துக்கு ஒரு முறை உல்லாசப் பயணம் என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைதான் அந்தப் பஸ்ஸில் ஏறும். ஏறிய பிள்ளையும் வரிசையில் நின்று, ஒரு மணி நேரத்தில் ஐந்து கூடங்களைக் கடந்து, வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டதைத்தான் வீட்டில் வந்து சொல்லும். பிள்ளை மீது குற்றமில்லை.

இதற்கு ஒரு வழி நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1904-ல் ஒரு பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது. அது முடிந்ததும் அங்கிருந்த பொருள்களில் ஒரு பகுதியைக் கொண்டு, 1905-ல் பள்ளிகளுக்கென்றே ஒரு காட்சிசாலையை அமைத்தார்கள். பிள்ளைகள் அங்கே போகவில்லை. பெட்டிகள்தான் குதிரை வண்டியில் ஏறிப் பள்ளி பள்ளியாகப் போயின. 1911-ல் சிக்காகோவில் நார்மன் வெய்ட் ஹாரிஸ் என்ற பாங்கர் இதே காரியத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார். இங்கிலாந்தில் ரெடிங் நகரப் பொருட்காட்சிசாலையும் அதே ஆண்டில் பள்ளிகளுக்குப் பெட்டிகளை இரவல் கொடுக்கத் தொடங்கியது. புத்தகசாலையில் புத்தகம் எடுப்பதுபோலப் பெட்டியை எடுத்து, சில வாரம் வைத்திருந்து, திருப்பி அனுப்புவது. ஏற்பாடு அவ்வளவே.

நம் நாட்டிலும் நடமாடும் காட்சிகள் இல்லாமல் இல்லை. விஞ்ஞானத்துக்கு வங்காளத்தில் 1965-லேயே வண்டி புறப்பட்டது. பம்பாயின் பெரிய பொருட்காட்சிசாலை 2015-ல் ஒரு பஸ்ஸையே காட்சிசாலையாக்கியது. நல்ல முயற்சிகள். ஆனால் பஸ் காலையில் வந்து மாலையில் போய்விடும். பெட்டியோ வகுப்பிலேயே தங்கும். முதல் நாள் கூச்சப்பட்ட பிள்ளை மூன்றாம் நாள் எடுத்துப் பார்க்கும்.

பெட்டிக்குள் என்ன வைப்பது? வைகைக் கரைப் பள்ளிகளுக்குக் கீழடி இருக்கிறது. 2023-ல் அங்கே திறந்த அருங்காட்சியகத்தில் ஜனக்கூட்டம் நன்றாகவே வருகிறது. ஆனால் ஒரு கறுப்புச் சிவப்புப் பானை ஓட்டைக் கையில் எடுத்தால் தெரிவது கண்ணாடி வழியே தெரியாது. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. ஏன்? பானையைக் கவிழ்த்துச் சூளையில் வைத்ததால் உள்ளே காற்றுப் படவில்லை, கறுத்துவிட்டது. இதைக் குயவர் வீட்டுப் பிள்ளை வகுப்பில் முதலில் சொல்லிவிடும். மற்ற பாடங்களில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை அன்று முன்னுக்கு வரும். சுடுமண் தக்களி ஒன்றில் குச்சியைச் செருகிச் சுழற்றினால் பஞ்சு நூலாகும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அந்தக் கரையில் நூல் நூற்றார்கள் என்று பத்து வரி படிப்பதைவிட இந்த ஒரு சுழற்சி மேல்.

கீழடிப் பெட்டியே தமிழ்நாடு முழுவதும் சுற்ற வேண்டும் என்பதல்ல. அப்படிச் செய்தால் அதுவும் இன்னொரு பாடப் புத்தகமாகிவிடும். தர்மபுரிப் பிள்ளைக்கு நடுகல், கரூர்ப் பிள்ளைக்குச் சேரர் காசும் ரோமாபுரிக் காசும், கொற்கைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சங்கும் முத்துச் சிப்பியும். 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம். இன்று பல்லாவரத்தில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சிந்து சமவெளியின் குளத்தைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். சொந்த ஊர் ஏரியை யார் வெட்டியது என்று சொல்வாரில்லை.

கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கும் ஊர்கள் ஏராளம். அங்கெல்லாம் கல்வெட்டின் மசிப்படி ஒன்று பெட்டியில் இருக்கலாம். கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்தில் இறக்கி, மேலே மையை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பும். செலவு காகிதமும் மையும்தான். தன் ஊர்ப் பெயரை ஆயிரம் ஆண்டுப் பழைய எழுத்தில் விரலால் தடவிப் படிக்கும் பிள்ளை பிறகு அந்தச் சுவரில் சுண்ணாம்பு அடிக்க விடாது.

பெட்டியில் பாதியை ஊராரே நிரப்பலாம். படி, உழக்கு, எழுத்தாணி, ஓட்டைக் காலணா. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு மாறி நூறு புதுக் காசு வந்தது 1957 ஏப்ரல் முதல் தேதி. அன்று சந்தையில் நடந்த குழப்பத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். பேத்தி ஓட்டைக் காலணாவைக் காட்டிக் கேட்டால் பாட்டி சொல்வாள். இன்னும் பத்து வருஷம் தாமதித்தால் கேட்பதற்குக் காலணா இருக்கும். சொல்வதற்குப் பாட்டி இருக்க மாட்டாள்.

அசல் பொருள் எதற்கு, நகல் போதாதா என்பார்கள். அரியவற்றுக்கு நகல்தான் சரி. கடம் செய்யப் பெயர் போன மானாமதுரை கீழடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் உள்ளது. அந்தக் குயவர்களிடம் கொடுத்தால் அழகாகவே செய்து தருவார்கள். ஆனால் பெட்டிக்கு ஓர் ஓடாவது அசலாக இருக்க வேண்டும். "சார், இது நெசமாவே பழசா?" என்பதுதான் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, அதற்கு "ஆமாம்" என்று பதில் சொல்ல முடிய வேண்டும். எழுத்தோ குறியீடோ இல்லாத சில்லுகள் அகழாய்வுக் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. கீழே போட்டு உடைத்துவிட்டால்? அது ஏற்கெனவே உடைந்த ஓடுதானே!

ஒரு பயம் மட்டும் நியாயமானது. ஓட்டைப் பார்த்த பையன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டைத் தோண்டக் கிளம்பலாம். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத பொருளுக்கு வாய் போய்விடும் என்பதைப் பெட்டியோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1878-லிருந்தே இருப்பதையும் சொல்லி வைக்கலாம்.

பெட்டிகளை வைக்க வட்டார வள மையங்கள் இருக்கின்றன. கொண்டுபோக, பாடப் புத்தகம் ஏற்றும் வண்டிகள் இருக்கின்றன. உண்மையான முட்டுக்கட்டை பள்ளிக்கூடத்துப் பீரோவில்தான் இருக்கிறது. பொருள் காணாமல் போனாலும் உடைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது? இந்த அச்சத்தால்தான் எத்தனையோ பள்ளிகளில் பூதக்கண்ணாடியும் பூகோள உருண்டையும் பூட்டியே கிடக்கின்றன. சரித்திரப் பெட்டிக்கும் அதே கதி நேராமலிருக்க, அதை அனுப்பும் உத்தரவிலேயே தேய்மானம் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும்: வகுப்பில் கையாண்டபோது உடைந்த பொருளுக்குத் தலைமையாசிரியரின் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது.