இரட்டைப் பின்னலும் என் பேத்தியும்

என் பேத்திக்கு ஆறு வயது. பூனை முடி மாதிரி மெல்லிய கூந்தல். மருமகள் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதால், பின்னல் போடுவது என் டியூட்டி.

பள்ளியின் விதி, இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டி ரிப்பன். மெல்லிய முடியில் ரிப்பன் நிற்காது, வழுக்கிவிடும். அவிழ்ந்தால் வகுப்பில் திட்டு. அதனால் எண்ணெய் தடவி இறுக்குவேன். குழந்தை கண்ணில் நீர் முட்டும். "ஆச்சு கண்ணு, ஆச்சு" என்பேன்.

போன மாதம் காதோரம் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. தினமும் இழுத்துக் கட்டியதுதான் காரணம் என்றார் டாக்டர். இப்போதே தளர்த்தினால் திரும்ப வளருமாம். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வளராதாம்.

இறுக்கிப் பின்னினால் முடி நீளும், மொட்டை போட்டால் அடர்த்தியாகும் என்று நாம் சொல்லிவந்த இரண்டுமே பொய். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முடியின் பருமன் தோலுக்கு அடியில் இருக்கும் வேர்க்காலில் இருக்கிறது, சவரக்கத்தியில் இல்லை.

கழுத்தளவு வெட்டி ஹேர்பேண்ட் போடலாம். அல்லது தளர்வாக ஒற்றைப் பின்னல், நுனியில் துணி சுற்றிய ரப்பர் பேண்ட். இரண்டு நிமிட வேலை. இதில் எந்த ஒழுங்கு கெட்டுப்போகும்? பையனுக்குக் குட்டை முடிதான் ஒழுங்கு என்றால், பெண் குழந்தைக்கு மட்டும் அது ஏன் ஒழுங்கீனம்?

பள்ளியில் கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே ரூல் சார்" என்றார்கள். ரூல் ஒன்றுதான், தலை ஒன்றா?

நாளை முதல் தளர்த்தித்தான் பின்னுவேன். ரிப்பன் அவிழ்ந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டட்டும்.